ரெண்டு விசில்

ஜன்னலோரத்தை விட்டுக்கொடுத்ததற்கு நன்றி அக்கா. இந்தப் பக்கம் சாய்ந்துகொண்டால்தான் வலி இல்லை. அந்தப் பக்கம் பதினொரு தையல். ஆக்சிடென்ட் இல்லை. ஏறினதிலிருந்து கண்டக்டரையும் சேர்த்து மூன்று பேர் கேட்டாயிற்று. ஒரு பெண் மண்டையில் கட்டோடு பஸ் ஏறினால் ஒன்று ஆக்சிடென்ட், இல்லாவிட்டால் புருஷன். மூன்றாவதாக ஒரு காரணம் இருக்கவே கூடாதா? என்னை அடித்தது ஓர் அலுமினியத் தட்டு. சாப்பிடுகிற தட்டுத்தான், ஆனால் சாப்பாட்டில் வந்த சண்டை இல்லை. சொல்கிறேன்.

நீங்கள் ராமேஸ்வரமா? நான் ராமநாதபுரத்தில், கோர்ட் ஸ்டாப்பில் இறங்கவேண்டும். பதினொரு மணிக்கு மாஜிஸ்திரேட் முன்னால் என் வாக்குமூலம். பரமக்குடி இப்போதுதான் தாண்டியிருக்கிறோம், முக்கால் மணி நேரம் இருக்கிறது. அதற்குள் எனக்கு நடுநிலையான ஓர் ஆள் வேண்டும் அக்கா. அம்மா எதற்கெடுத்தாலும் என் பக்கம். என் தோழி ஷிபானா ஒன்பது நாளாக என்னோடு பேசுவதில்லை. உங்களைப் பார்த்தால் யார் பக்கமும் சாயாதவர் மாதிரி இருக்கிறது. கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். குறுக்கே கேள்வி கேட்டாலும் சரி, எனக்கு விவாதம் பிடிக்கும். சட்டம் படிக்கிறேன், மூன்றாம் வருஷம். மாதிரி நீதிமன்றப் போட்டியில் இரண்டு முறை நான்தான் சிறந்த பேச்சாளர். பெருமைக்குச் சொல்லவில்லை. என் வார்த்தைக்கு ஓர் எடை உண்டு என்பதற்காகச் சொல்கிறேன்.

நாங்கள் போனது பொழுதுபோக்கத்தான். பரீட்சை முடிந்த ஞாயிற்றுக்கிழமை. மணற்குடித் தீவு என்று ஒன்று, மன்னார் வளைகுடாவில், தேசியப் பூங்காவைச் சேர்ந்தது. தீவில் கால் வைக்கக் கூடாது. சுற்றியிருக்கிற ஆழமில்லாத கடலில் கண்ணாடி அடித்தளம் போட்ட படகில் போய்ப் பவளப்பாறை பார்க்கலாம். துடுப்புப் போடத் தெரிந்தவர்களுக்குக் கயாக், ஒற்றை ஆள் உட்காருகிற ஒல்லிப் படகு. கவுண்டரில் என் தண்ணீர் பாட்டிலை வாங்கி வைத்துக்கொண்டார்கள், நெகிழிக்குத் தடை என்று. நான் சண்டை போடவில்லை. ஏன் போடவேண்டும், விதி சரியான விதி. ஷிபானா பையிலிருந்த பிஸ்கட் பாக்கெட்டையும் நானே எடுத்துக் கொடுத்தேன். அவள் முறைத்தாள்.

எங்களோடு வந்த காவலர் பெயர் நம்புராஜன். முப்பது வயது இருக்கும். ஏழு வருஷமாகத் தற்காலிக வேலை. காக்கிச் சட்டை, கழுத்தில் விசில், கையில் எண்ணெய் ஊறின மூங்கில் கம்பு. அன்றைக்கு அவரை 'அண்ணே' என்றுதான் கூப்பிட்டேன். இப்போது 'அவன்'தான். கண்ணாடிப் படகில் ஆறு பேரோடு அவன் முன்னால் போக, ஷிபானாவும் நானும் ஆளுக்கொரு கயாக்கில் பின்னால் போனோம். தீவின் முனை வரும்போது விசிலை எடுத்து ரெண்டு ஊது ஊதினான்.

"எதுக்குண்ணே விசில்?"

"ஆமைக்கு, தங்கச்சி. சத்தம் கேட்டா வெலகிக்கிரும்."

"ஆமைக்குக் காதே வெளிய கிடையாதேண்ணே."

"அதுக்கென்ன தங்கச்சி, காது வெளிய இருக்குற சில பேருக்கே கேக்க மாட்டேங்குது."

படகே சிரித்தது. ஷிபானாவும் சிரித்தாள். அக்கா, தர்க்கத்தில் தோற்றால் நான் ஒத்துக்கொள்வேன். சிரிப்புக்குத் தோற்க மாட்டேன். ஆமை இருக்கிறதா இல்லையா என்று நானே பார்த்துவிடுகிறேன் என்று துடுப்பை வலித்தேன். மிதவை கட்டின எல்லைக் கயிறு ஒன்று குறுக்கே இருந்தது. தாண்டினேன். ஆமாம், தாண்டக் கூடாதுதான். ஆனால் பொய்யைக் கண்டுபிடிக்கப் போகிற ஆளையும் வேடிக்கை பார்க்கப் போகிற ஆளையும் ஒரே கயிற்றால் கட்டிப்போட முடியுமா?

முனைக்கு அந்தப் பக்கம் ஆமை இல்லை. ஒன்றுமே இல்லை. தகடு மாதிரி கடல். திடீரென்று என் கயாக்குக்கு நாலு முழம் முன்னால் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஒரு தலை வந்தது. ஐம்பது வயதுப் பெண். முகத்தில் முக்குளிக்கிற கண்ணாடி, சேலைக்கு மேல் ஆண்பிள்ளை பனியன், பத்து விரலிலும் துணி சுற்றியிருந்தது. இடுப்பில் சாக்கு.

"அங்கிட்டுப் போத்தா, அங்கிட்டுப் போ! இங்கன வராத!"

அவளுக்குப் பின்னால் ஒன்றொன்றாக இன்னும் ஐந்து தலை. அப்போதுதான் புரிந்தது. ரெண்டு விசில் ஆமைக்கு இல்லை, இவர்களுக்கு. பார்வையாளர் வருகிறார்கள், முங்கு என்று அர்த்தம். படகு கடந்து போகிறவரை மூச்சைப் பிடித்துக்கொண்டு பாறை மறைவில் கிடப்பார்கள். காவலனும் அவர்களும் ஒரே ஊர், சின்னமணற்குடி. தேசியப் பூங்காவில் திருட்டு, அதற்குக் காக்கிச் சட்டை போட்டவனே காவல்! கொதிக்குமா கொதிக்காதா, நீங்களே சொல்லுங்கள்.

"என்ன பண்றீங்க இங்க?" என்று கேட்டேன்.

"கடல்பாசி எடுக்குறோம், வித்துப் பொழைக்க. வேறென்ன, குளிச்சு வெளையாடவா வந்தோம்? அது நீ."

அவள் பெயர் பூமயில் என்பது பிறகு எஃப்.ஐ.ஆரில் பார்த்துத் தெரிந்தது. இது தேசியப் பூங்கா, ஒரு சிப்பியைக்கூட எடுக்கக் கூடாது என்று பிரிவு எண்ணோடு சொன்னேன்.

"நாங்க வேரத் தொட மாட்டோம் தாயி. நுனியக் கிள்ளுவோம். மாசத்துல பன்னெண்டு நாளு, அதுக்கு மேல எறங்குனா ஊர்ல அவராதம். அது எங்க சட்டம்."

"ஊர் கூடி வச்சா அது சட்டம் ஆகாது."

"சரி. ஒஞ்சட்டம் முங்குனா எம்புட்டு நேரம் மூச்சப் பிடிக்கும்?"

ஆறு பேரும் சிரித்தார்கள். தண்ணீரில் வெறும் தலைகள் சிரிப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? அதில் ஒருத்திக்கு என் வயதுதான் இருக்கும். பூமயிலின் மகள், முத்துப்பேச்சி. காலைத் தூக்கிக் காட்டினாள். பழைய செருப்பு வாரில் அலுமினியத் தட்டைக் கோர்த்து, மீன் வால் மாதிரி பாதத்தில் கட்டியிருந்தாள். "ஏய், காலேசு! இதக் கட்டிக்கிட்டு வா, சட்டத்தத் தண்ணிக்குள்ள வச்சுப் பேசுவோம்" என்றாள்.

நான் கழுத்தில் தொங்கின உறையோடு போனைத் தூக்கிப் பதிவை அழுத்தினேன். அதே நேரம் முனை திரும்பிப் படகு வந்தது. முன்னால் நம்புராஜன், கம்போடு. பார்வையாளர்கள் ஆறு பேரும் எழுந்து நின்றார்கள். பக்கத்தில் ஷிபானா.

"அண்ணே, உங்க கடமையைச் செய்யுங்க."

"போன கீழ வையி தங்கச்சி."

"இது ஓடிக்கிட்டிருக்கு. நீங்க சும்மா நிக்கிறதும் சேந்துதான் பதிவாகுது. நேரா மேலிடத்துக்குப் போகும்."

அவன் முகம் மாறியதைப் பார்த்தேன். ஏழு வருஷத் தற்காலிக வேலை நிரந்தரமாகிற உத்தரவு அந்த மாதம்தான் வருவதாக இருந்ததாம். அது எனக்கு எப்படித் தெரியும்? தெரிந்தாலும் சட்டம் ஒன்றுதானே? குதித்தான். பாறை மேல் நின்றதால் அவனுக்கு இடுப்பளவுத் தண்ணீர். பூமயிலின் சாக்கைப் பிடித்தான். அவள் இழுக்கக்கூட இல்லை. முடிச்சை அவிழ்த்து அவன் நெஞ்சோடு தள்ளி, "இந்தாடா, கொண்டுபோ. வேலையக் காப்பாத்திக்க" என்றாள்.

அதோடு முடிந்திருக்கும் என்கிறாள் ஷிபானா. எப்படி முடியும் அக்கா? திருடினவள் சாக்கைக் கொடுத்துவிட்டால் திருட்டு இல்லை என்று ஆகிவிடுமா? ஆளைப் பிடிங்க, பேர் எழுதுங்க என்றேன். அதற்குள் பூமயில் என் பக்கம் திரும்பிப் பாய்ந்து வந்தாள். என் கயாக்கின் மூக்கை இரண்டு கையாலும் பிடித்துத் தள்ளினாள். ஏதோ கத்தினாள், காற்றில் எனக்கு விளங்கவில்லை. எனக்கு நீச்சல் அரைகுறை. உயிர் பயம். நான் உதவி கேட்டேன். குறித்துக்கொள்ளுங்கள், உதவி கேட்டேன், அவ்வளவுதான். அவன் அடித்தான்.

முதல் அடி தோளில். துவைக்கிற கல்லில் நனைந்த போர்வையை அறைகிற மாதிரி ஒரு சத்தம். இரண்டாவது காதோடு சேர்த்து. முகக் கண்ணாடி உடைந்து சில்லு கன்னத்தில் ஏறியது. மூன்றாவது தாடையில். வாய் ஒரு பக்கமாக இறங்கிப்போய் அப்படியே நின்றது. ஏழு அடி. எண்ணினேன், சாட்சி என்றால் எண்ணவேண்டும். நாலாவது அடிவரை அவள் என் கயாக்கை விடவே இல்லை அக்கா, அவ்வளவு வன்மம். அடி விழ விழத் தள்ளிக்கொண்டே இருந்தாள். ரத்தம் கடல் தண்ணீரில் சிவப்பாகத் தெரியவில்லை. பழுப்பாக, கொட்டின தேநீர் மாதிரி என் கயாக்கைச் சுற்றிப் பரவியது.

அவன் அடித்துக்கொண்டே அழுதான். கேவிக் கேவி, மூக்கு ஒழுக. ஒவ்வொரு அடிக்கும் ஒரு கேள்வி.

"ரெண்டு விசிலு அடிச்சேன்ல அத்தை! ஏன் மேல வந்தே? ஏன் முங்கல? ஏன்? ஏன்? ஏன்?"

அத்தை. கேட்டீர்களா? சொந்த அத்தை, அப்பாவோடு பிறந்தவள். அதுமட்டுமில்லை, ஆவணியில் முத்துப்பேச்சியை இவனுக்குக் கட்டுவதாக இருந்தது. மாமியாராகப் போகிறவளை மண்டையில் அடிக்கிறவன் மனிதனா? ஐந்தாவது அடியில் கம்பு விரிந்தது. அவள் கை கயாக்கிலிருந்து நழுவியது. துணி சுற்றின விரல் ஒவ்வொன்றாக நழுவியதைப் பார்த்தேன். குப்புற மிதந்தாள். அப்புறமும் ரெண்டு, விரிந்த கம்பாலேயே, முதுகில்.

அடுத்து என் முறை. முத்துப்பேச்சி காலிலிருந்து தட்டைப் பிய்த்துக்கொண்டு வந்தாள். ஒருவேளை அவனை நோக்கித்தான் வருகிறாள் என்று நினைத்தேன். இல்லை, அடித்தவனைத் தாண்டி என்னிடம் வந்தாள். தாண்டி! அதன் தர்க்கம் என்ன? தட்டின் விளிம்பு இங்கே இறங்கியது, காதுக்கு மேலே. கயாக் கவிழ்ந்தது. கீழே கத்தி மாதிரிப் பாறை, முழங்கால் எலும்புவரை கிழிந்தது. என் தலைமயிரை இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்துக் கீழே அமுக்கினாள். கண்ணைத் திறந்தே வைத்திருந்தேன். பவளப்பாறை எவ்வளவு பக்கத்தில்! அதைப் பார்க்கத்தானே போனோம். உப்புத் தண்ணீர் மூக்கு வழியாக உள்ளே இறங்கும்போது நெருப்பு மாதிரி எரியும் அக்கா. நான் அவள் தொடையைக் கடித்தேன். சதை வாயோடு வந்தது. அப்போதும் விடவில்லை. ஷிபானா துடுப்பின் விளிம்பால் அவள் மணிக்கட்டில் ஓங்கி அடித்தாள். எலும்பு முறிந்த சத்தம் தண்ணீருக்குள் இருந்த எனக்கே கேட்டது. அதற்கப்புறம்தான் பிடி தளர்ந்தது.

படகில் எங்களை இழுத்துப் போட்டார்கள். ஒரு பக்கம் நான், எதிர்ப்பக்கம் பூமயில், நடுவில் கண்ணாடி. அந்தக் கண்ணாடியில் எங்கள் ரத்தம் இருந்ததால் கரைவரைக்கும் கடலடி எதுவும் தெரியவில்லை. நம்புராஜன் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு தன் தலையிலேயே அறைந்துகொண்டிருந்தான்.

அன்று சாயங்காலம், தையல் போட்ட கையோடு, வீடியோவை ஏற்றினேன். 'பாசி எடுத்த ஏழைப் பெண்ணைக் கடலில் வைத்து அடித்த காவலன்.' தலைப்பு நான் போட்டதுதான். ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? முரண்பாடு இல்லை. அவள் பாசி எடுத்தது தப்பு. அவளை அடித்தது அதைவிடப் பெரிய தப்பு. இரண்டையும் ஒரே வாயால் சொல்ல முடியும், அதற்குத்தான் படிக்கிறோம். மறுநாள் காலைக்குள் லட்சக்கணக்கான பேர் பார்த்துவிட்டார்கள். அவன் மேல் கொலை முயற்சி வழக்கு, சிறை, வேலை போயிற்று. நீதி வென்றது என்று நினைத்தேன்.

ஆனால் பாதிக்கப்பட்டவள் என்ன செய்தாள் தெரியுமா? மதுரையில் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருக்கிறார்கள், இடது காது இனிமேல் கேட்காது. போலீஸ் போய்க் கேட்டால், பேச முடியாமல் கையால் எழுதிக் காட்டினாளாம்: 'பாறைல விழுந்தேன்.' ஏழு அடி! லட்சம் பேர் பார்த்த ஏழு அடி! நான் இவளுக்காக மண்டை உடைந்து போராடுகிறேன், இவள் பாறையில் விழுந்தாளாம். அதனால் இப்போது வழக்கு நிற்பதே என் வாக்குமூலத்தில்தான். என் வார்த்தைதான் அவனை உள்ளே வைக்கும், இல்லாவிட்டால் வெளியே விடும்.

மூன்றாம் நாள் முத்துப்பேச்சி என் வார்டுக்கே வந்தாள். கையில் மாவுக்கட்டு. நர்ஸைக் கூப்பிடலாமா என்று பார்த்தேன். அவள் கட்டில் பக்கம்கூட வரவில்லை, கதவோரம் நின்றாள்.

"வீடியோவ முழுசாக் காட்டு" என்றாள்.

"எல்லாம் காட்டியாச்சு."

"முன்னாடி இருக்குறத வெட்டிட்டே. நான் அங்கனதான் இருந்தேன். மச்சான் அடிச்சது தப்பு. அதுக்கு அது செயிலுக்குப் போகட்டும், நான் வேணாங்கல. அடிக்கச் சொன்னது ஆருன்னும் கோர்ட்டுக்குத் தெரியட்டும். எங்கம்மா எதுக்கு மேல வந்துச்சுன்னும் தெரியட்டும். நீ வந்த எடத்துல கல்லு. ஒம் போட்டு கவுந்துரும்னுதான் வந்துச்சு. இல்லேன்னா மூணு நிமிசம் முங்கிக் கெடக்கும் எங்கம்மா."

"ஆதாரம் இருக்கா?" என்று கேட்டேன். கேட்பது என் உரிமை.

"இருக்கு. ஒன்கிட்டத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

சரி, ஒத்துக்கொள்கிறேன். முதல் நாற்பது விநாடியை வெட்டினேன். வெட்டினது நீளம் கருதி. அடி எங்கே தொடங்குகிறதோ அங்கேதானே குற்றம் தொடங்குகிறது? ஒரு மனிதன் கம்பை ஓங்கினால் அந்தக் கை அவனுடையது. பக்கத்தில் யார் என்ன சொன்னார்கள் என்பது சம்பந்தமில்லாத விஷயம். நாளைக்கு ஒருவன் "கிணற்றில் குதி" என்றால் குதிப்பீர்களா? ஷிபானாவிடம் இதையெல்லாம் பிரித்துப் பிரித்துச் சொன்னேன். அவள் பதில் சொல்லத் தெரியாமல், "முழுசாக் குடுக்குறதுன்னா எனக்குப் போன் பண்ணு, இல்லேன்னா பண்ணாத" என்று வைத்துவிட்டாள். அவள் ஒருத்தியின் கையை உடைத்திருக்கிறாள், அதைப் போலீஸில் தானே போய்ச் சொல்லியும் விட்டாள். என்ன முட்டாள்தனம், யாரும் கேட்கவே இல்லை.

இன்றைக்குப் போனையே கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். இதில் இரண்டும் இருக்கிறது. முழுசு ஒன்று, வெட்டினது ஒன்று. முழுசை அழித்துவிட்டு வெட்டினதுதான் மூலம் என்று சொல்லிவிடலாம். ஒரு தொடல், அவ்வளவுதான். அழிப்பது பொய் ஆகாது, தேவையில்லாததை நீக்குவது. ஆனால் என் மேல் நானே ஒரு பரிசோதனை வைத்துக்கொள்ள நினைத்தேன். சம்பந்தமில்லாத ஒரு மூன்றாம் மனிதர் பார்த்து, 'இதில் ஒன்றும் இல்லையே' என்று சொல்லிவிட்டால் மனசாட்சியோடு அழித்துவிடுவேன். அதனால்தான் உங்களிடம் வந்து உட்கார்ந்தேன்.

இந்தாருங்கள். இதுதான், இடது பக்கம் இருப்பது. முதல் நாற்பது விநாடி மட்டும் பாருங்கள்.

சத்தத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள் அக்கா. முன் சீட்டில் திரும்பிப் பார்க்கிறார்கள்.

ஆமாம், அது பூமயில் குரல். "கல்லுத்தா, கல்லு, கவுந்துரும், திருப்பு, திருப்பு." இப்போது இவ்வளவு தெளிவாகக் கேட்கிறது. அன்றைக்குக் காற்று. உங்களுக்குத் தெரியாது, கடலில் காற்று வேற மாதிரி.

இதுவா? இது... "அடிங்கண்ணே! அடிங்க! கம்பு எதுக்குக் குடுத்திருக்காங்க, தலையிலயே போடுங்க!"

யார் குரல் என்றா கேட்கிறீர்கள்? சொல்ல முடியாது அக்கா. படகில் ஆறு பேர் இருந்தார்கள். பெண்களும் இருந்தார்கள். காற்று வேற. ஒரு குரலை வைத்து யார் என்று எப்படி முடிவு கட்டுவது?

மறுபடியும் போடாதீர்கள். ஒரு தடவை போதும். கேட்டுவிட்டீர்கள் இல்லையா, ஒன்றும் இல்லையே? சொல்லுங்கள். ஒன்றும் இல்லை என்று சொல்லுங்கள்.

அக்கா, கோர்ட் தெரிகிறது. என் ஸ்டாப். கண்டக்டர் ஒரு விசில் கொடுத்துவிட்டார், வண்டி நிற்கிறது. போனைக் கொடுங்கள். காலைக் கொஞ்சம் ஒதுக்குங்கள், நான் இறங்கவேண்டும். சரி, போன் உங்கள் கையிலேயே இருக்கட்டும், வழியை விடுங்கள். என்ன இது, உங்களுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? நீங்களும் இறங்கப்போகிறீர்களா? உங்கள் டிக்கெட் ராமேஸ்வரம் அக்கா. உங்களை யார் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள்?

கண்டக்டர், ஒரு நிமிஷம்! இன்னும் ஆள் இறங்கவில்லை, ரெண்டு விசில் கொடுக்காதீர்கள்!